ஒரு பல் போனதற்கு இரண்டு நல்ல பல்லைச் செதுக்கலாமா? பிரிட்ஜுக்கு முட்டுக் கொடுக்கும் பக்கத்துப் பல் பற்றி

2024 மார்ச் 2, சனி. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எனக்கு வயது 38. கீழ்த்தாடையில் வலது பக்கம் பெரிய கடைவாய்ப் பல்லை எடுத்து நாலு மாதம் ஆகிறது. மதுரையில் பார்த்த பல் டாக்டர், முன்னும் பின்னும் உள்ள இரண்டு பல்லையும் செதுக்கி மூன்று பல் பிரிட்ஜ் போடலாம் என்கிறார். அந்த இரண்டிலும் ஒரு புள்ளிச் சொத்தை கிடையாது. ஒரு வீடு இடிந்ததற்கு இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரையும் உடைப்பது மாதிரி இருக்கிறது. இது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, ஞாயிறு, காலை

ஏமாற்று வேலை இல்லை. நான் போட்டவன். இடது பக்கம் கீழே, அதே பல், 2011-ல்.

என் தொழில் சென்ட்ரிங். மதுரை சுற்றுவட்டாரத்தில் 26 வருடமாகத் தளம் போட ஷீட்டும் முட்டும் கொடுக்கிறேன். அதனால் எனக்கு இது உடனே புரிந்தது. பிரிட்ஜ் என்பது மூன்று பல்லும் ஒரே துண்டு. இரண்டு ஓரத்திலும் தொப்பி மாதிரி கேப், நடுவில் வேரில்லாத டம்மிப் பல். நடுப் பல்லில் நீங்கள் கடிக்கும் பாரம் இரண்டு பக்கமும் ஓடி, பக்கத்துப் பற்களின் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகிறது. கொஞ்சம் ஈறிலும் உட்காரும். முட்டு இல்லாமல் பீம் நிற்காது. இங்கே முட்டு அந்த இரண்டு பல்.

செதுக்குவது ஏன் என்றால், கேப்புக்குக் கனம் வேண்டும். பல்லை அப்படியே விட்டு மேலே கேப் மாட்டினால் வாய் மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கும். அதனால் சுற்றிலும் மேலேயும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை எடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

13 வருடம் ஆகிவிட்டது. பரோட்டா, நல்லி எலும்பு, பொங்கல் கரும்பு எல்லாம் பார்த்தாயிற்று. தைரியமாகப் போடுங்கள்.

மார்ச் 3, ராத்திரி

காலையில் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். "அவ்வளவுதான்" என்று எழுதியதை இப்போது படித்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பல்லுக்கு இனி ஆயுள் முழுக்க கேப் வேண்டும். ஒரு முறை ஏறிவிட்டால் இறங்க வழி கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் 2009-ல் பல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பின்னால் நின்ற பல் காலி இடத்தைப் பார்த்து முன்பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. மேலே எதிரில் உள்ள பல், கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கிவந்தது. இடம் காலியாக இருந்தால் பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போடுவான் இல்லையா, அதே கதை.

சாய்ந்தால் என்ன கெட்டுப்போகும் என்றால், பிரிட்ஜ் ஒரே துண்டு என்பதால் இரண்டு பல்லிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இறங்க வேண்டும். ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் நின்றால் இறங்காது. சாய்ந்த பல்லை அதிகமாகச் செதுக்கித்தான் வழி பண்ண முடியும். அதிகமாகச் செதுக்கினால் நரம்பு பக்கத்தில் வந்துவிடும்.

செதுக்கும் சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. எவர்சில்வர் டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் சில டம்ளர் கழற்றவே வராது. சுவர் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் வரும் பிடிப்பு அது. வாய் அகலமாக விரிந்த டம்ளர் சட்டென்று வந்துவிடும். பல்லையும் அந்த முதல் டம்ளர் மாதிரி செதுக்க வேண்டும். புத்தகக் கணக்கில் இரண்டு பக்கச் சரிவும் சேர்த்து ஆறு டிகிரி அளவு. கையால், எச்சில் ஊறும் வாய்க்குள், நாக்கு குறுக்கே வர வர, அதைச் செதுக்குகிறார்கள். நம் பையன்கள் லெவல் ட்யூப் வைத்துக்கொண்டே ஒரு தளத்தைக் கிடையாகப் போடமாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

மேலூர்க்காரர் ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நடுப் பல் "கொஞ்சம் ஈறிலும் உட்காரும்" என்று எழுதினேன். உட்காரக் கூடாது. ஈறைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் ஈறு புண்ணாகும், அடியில் சோறு தங்கும். பாரம் முழுக்க இரண்டு பக்கத்துப் பல்தான் சுமக்கிறது. ஈறில் உட்கார்ந்து பாரம் இறக்குவது கழற்றி மாட்டும் பல் செட்.

மார்ச் 10, ஞாயிறு

யானைக்கல் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், ஏ.வி. பாலத்தின் மேல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன். 1889-ல் திறந்த பாலம், ஆல்பர்ட் விக்டர் பெயரில். வைகையில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரைதான். மேலே பஸ், லாரி, ஆட்டோ. கீழே தூணெல்லாம் பேசாமல் நிற்கிறது. அந்தப் பாலத்துக்கும் என் வாயில் இருப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் தோன்றியது. அங்கே தூண், பாலத்துக்கென்றே கட்டியது. வாயிலோ தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இனிமேல் இவன் சுமையையும் சேர்த்து நீங்களே தூக்குங்கள்" என்கிறோம்.

அவர்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு 1926-லேயே ஆன்டே என்கிற பல் மருத்துவர் ஒரு விதி சொல்லிவிட்டார். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பைக் கூட்டினால், அது இல்லாமல் போன பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். யெப்சன் என்பவர் 1963-ல் பற்களின் வேரை அளந்து சராசரி கொடுத்திருக்கிறார். கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல் 431 சதுர மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் உள்ளது 426. முன்னால் உள்ள சின்னக் கடைவாய்ப் பல் 207.

திருமங்கலத்துக்காரருக்கும் எனக்கும் போனது 431. தாங்குவது 426-ம் 207-ம், ஆக 633. தாராளம். எனக்கு அன்றைக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. இப்போது பார்த்ததில் ஒரு நிம்மதி.

மார்ச் 11, திங்கள்

இரண்டு ஆட்சேபணை வந்திருக்கிறது. இரண்டும் நியாயம்.

ஒன்று, ஏ.வி. பாலம் வளைவுக் கண்கள் உள்ள பாலம். வளைவு பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். பல் பிரிட்ஜ் நேர் பீம், அதனால் உவமை தப்பு. ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் சென்ட்ரிங் பார்த்தவன் இதைக் கோட்டை விட்டிருக்கக் கூடாது. பல்லுக்குப் பக்கவாட்டுத் தள்ளல் ஆகவே ஆகாது. பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி, அதில் குறுக்கும் நெடுக்குமாக நார். பல் ஒரு தூளியில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே அழுத்தினால் அத்தனை நாரும் சேர்ந்து பிடிக்கும். பக்கத்தில் தள்ளினால் ஒரு பக்கத்து நார்தான் பிடிக்கும். சாய்ந்த பல் மோசமான முட்டு என்பதற்கு இது இன்னொரு காரணம். சாய்ந்த சவுக்கு முட்டை எந்த மேஸ்திரியும் தளத்துக்கடியில் விடமாட்டார்.

இரண்டாவது, ஆன்டே விதி பழசு. 1982-ல் நைமன், எரிக்சன் என்று சுவீடனில் இரண்டு பேர், ஈறு நோயில் எலும்பு கரைந்துபோன பற்களில் கட்டிய பிரிட்ஜ்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். விதிப்படி நிற்கவே கூடாதவை வருடக்கணக்கில் நின்றிருக்கின்றன. ஒரே நிபந்தனை, மிச்சம் இருக்கிற ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், சுத்தம் வேண்டும். ஆக என் 633 நிம்மதி அரை நிம்மதிதான். வேரின் அளவைவிட ஈறின் நிலை முக்கியம் என்று ஆகிறது.

நீளத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், இரண்டு பல் போனாலும் இதே மாதிரி கட்டலாமா என்று. பீம் கணக்குதான். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. கண்ணுக்குத் தெரிகிற வளைவு இல்லை. ஆனால் ஒவ்வொரு கடியிலும் அந்த வளைவு கேப்பின் ஓரத்து சிமென்ட்டை நெம்பிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 17, ஞாயிறு

திருமங்கலத்துக்காரர் தனியாகக் கேட்டார், வலிக்குமா, எத்தனை தடவை அலைய வேண்டும் என்று. எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

எனக்கு மூன்று தடவை. முதல் நாள் மரத்துப்போக ஊசி, செதுக்கல், அளவு எடுப்பது. அளவு என்றால் பஞ்சாமிர்தம் கெட்டியானது மாதிரி ஒரு பசையைத் தட்டில் வைத்து வாயில் அமுக்கிப் பிடிப்பார்கள். இப்போது பல இடத்தில் கேமராவை வைத்து ஸ்கேன் எடுத்துவிடுகிறார்களாம். எனக்குப் பசைதான். அது காய்கிற மூன்று நிமிடம் மூக்கால் மூச்சு விடத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று சளி.

லேபிலிருந்து பல் வருகிற வரைக்கும் தற்காலிக பிளாஸ்டிக் பிரிட்ஜ் போட்டுவிட்டார்கள். "ஒரு வாரம் ஜில்லென்று எதுவும் வேண்டாம்" என்று சொன்னார்கள். நான் அன்று சாயங்காலமே விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடையில் நிற்கிறேன். பழக்கதோஷம். முதல் வாய் இறங்கியதும் பின் பல்லிலிருந்து காது வழியாக உச்சந்தலைக்கு ஒரு கம்பி போனது பாருங்கள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனாமல் போன பல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. முன்னால் இருந்த முட்டுப் பல்லில் (இனி முன் பல் என்றால் அந்தச் சின்னக் கடைவாய்ப் பல்தான்) ஒன்றும் தெரியவில்லை. அதற்கு ஏற்கெனவே ரூட் கெனால் செய்து நரம்பை எடுத்திருந்தார்கள்.

கடைசி நாள் நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே நீலம் அதிகமாக ஒட்டுகிறதோ அங்கே உயரம் என்று அர்த்தம். துளி துளியாகத் தேய்த்து, மறுபடி கடி, மறுபடி தேய். ஒன்பது தடவை கடித்தேன். "இப்ப சரியா இருக்கா" என்று கேட்டபோதெல்லாம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் "சரி" என்று சொல்லாதீர்கள். ஒரு முடி அளவு உயரம் இருந்தாலும் மொத்தக் கடியும் அந்த இரண்டு பல் தலையில்தான் இறங்கும்.

மார்ச் 24, ஞாயிறு, மதியம்

பராமரிப்பு. ரொம்பப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாதாரணப் பல் இடுக்கில் நூலை மேலிருந்து கீழே இறக்கலாம். பிரிட்ஜில் மூன்றும் ஒட்டியிருப்பதால் மேலிருந்து நூல் போகாது. நடுப் பல்லுக்கு அடியில், பக்கவாட்டில் கோக்க வேண்டும். அதற்கென்று ஊசி மாதிரி பிளாஸ்டிக் வளையம் விற்கிறது. முனை விறைப்பாக உள்ள தனி நூலும் உண்டு. பூ கட்டுகிற பெண்கள் யாராவது வீட்டில் இருந்தால் ஒரே நாளில் சொல்லித்தந்துவிடுவார்கள்.

பிரிட்ஜ் கெட்டியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. வாயில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரலால் பிரிட்ஜை மேலும் கீழும் மெல்ல அழுத்தி விடுங்கள். கேப்பின் ஓரத்தில் குட்டிக் குட்டிக் குமிழி வந்தால் உள்ளே சிமென்ட் கரைந்து இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் தனியாகச் செய்ய முடியாது. யாராவது டார்ச் பிடிக்க வேண்டும்.

மார்ச் 24, ராத்திரி

ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நாம் செய்யாமல் இருக்கக் கூடாதே என்று வீட்டம்மாவை டார்ச் பிடிக்கச் சொன்னேன்.

"ஏங்க, முன் பல்லுகிட்ட சோடா மாதிரி வருதுங்க" என்றாள்.

மார்ச் 25, திங்கள்

ராத்திரி தூக்கமில்லை. இப்போது யோசித்தால், ஒரு வருடமாகவே காலையில் அந்தப் பக்கம் ஒரு கெட்ட ருசி இருந்தது. வெற்றிலை போடுகிற வாய், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையில் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே மார்ச் 3 காலையில் "தைரியமாகப் போடுங்கள்" என்று எழுதியவனை யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.

மார்ச் 30, சனி

போட்டவரிடம் போகவில்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எக்ஸ்ரே எடுத்தார், கொக்கி மாதிரி ஒரு கருவியை கேப்பின் ஓரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னது:

"அண்ணே, பின்னாடி கேப் கெட்டியா இருக்கு. அதுதான் பிரச்சினையே."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கிய பிறகு புரிந்தது, புரிந்ததும் வயிறு கலங்கியது. தனி கேப்பாக இருந்திருந்தால் சிமென்ட் விட்ட அன்றே கையோடு வந்திருக்கும், ஒட்டிக்கொண்டு வந்திருப்பேன். பிரிட்ஜில் ஒரு பக்கம் விட்டாலும் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் கீழே விழாது. ஒவ்வொரு கடிக்கும் தளர்ந்த கேப் துளி ஏறி இறங்கும். அது ஒரு கைப்பம்பு. எச்சிலையும் சோற்றுச் சாறையும் உள்ளே இழுத்து இழுத்து விடும். உள்ளே இருட்டில், தூரிகை போகாத இடத்தில், சொத்தை சாவகாசமாக வேலை பார்க்கும். உயிருள்ள பல்லாக இருந்தால் கூசியாவது காட்டிக்கொடுத்திருக்கும். என் முன் பல்லுக்கு ரூட் கெனால் ஆயிற்றே, 2011-ல் ஜிகர்தண்டாவுக்கே அசையாத பல். அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன் பல் ஏன் முதலில் விட்டது என்று கேட்டேன். சின்னப் பல், குட்டைச் சுவர், பிடிப்புக் குறைவு. பின் பல் பெரியது. ஒரே துண்டில் இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லை என்றால் பலவீனமான பக்கம்தான் முதலில் விடும். என்னிடம் கேட்டிருந்தால் இதை நானே சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 6, சனி

பிரிட்ஜை அறுத்து எடுத்தாயிற்று. கழற்ற வராது, அறுக்கத்தான் வேண்டும். கேப்பின் ஓரம் நீளவாக்கில் கீறி, நெம்பித் திறந்தார். முதலில் ஒரு நாற்றம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பின் பல் ஓரளவு நன்றாக, மஞ்சளாக, மேசைக்கால் மாதிரி நிற்கிறது. முன் பல் இருந்த இடத்தில் ஈறு மட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம். நனைந்த பனஞ்சோறு மாதிரி மெத்தென்று இருந்தது. தலை மொத்தமும் கேப்புக்குள்ளேயே ஒடிந்து வந்துவிட்டது. வேரை எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்.

ஆக, ஒரு பல் போனவனுக்கு இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வேப்பம்பூ ரசத்தை வலது பக்கமாகவே குடித்தேன்.

"மறுபடி பிரிட்ஜ்தானே, இன்னொரு பல்லைச் சேர்த்து நீளமாகக் கட்டினால் போச்சு" என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். மார்ச் 10-ல் போட்ட கணக்கை எடுங்கள். போனது 431-ம் 207-ம், 638. இனித் தாங்க வேண்டியது பின்னால் 426, முன்னால் முதல் சின்னக் கடைவாய்ப் பல், அது 180. ஆக 606. குறைகிறது. கோரைப்பல்லையும் சேர்த்தால் 268 கூடும், 874. கணக்கு நேராகிவிடும். ஆனால் என் கோரைப்பல்லும் அதன் பக்கத்துப் பல்லும் கை படாத பல். இரண்டையும் செதுக்க வேண்டும். அதோடு நடுவில் இரண்டு பல் நீளம், அதாவது எட்டு மடங்கு வளைவு.

ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிடலாமா என்று ஒருவர். பால்கனி மாதிரி. அதுவும் உண்டு. ஆனால் கடைவாயில் அப்படித் தொங்கவிட்டால் தாங்கும் பல்லை நெம்புகோல் மாதிரி நெம்பிவிடும். 2004-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இரண்டு பக்கமும் பிடித்த பிரிட்ஜ் பத்து வருடத்தில் நூற்றுக்கு 89 வாயில் இருந்திருக்கிறது. தொங்குகிற வகை 82. என்னுடையது 13 வருடம். எனவே நான் ஏமாந்தவன் கணக்கில் வரமாட்டேன், சராசரிக்காரன்தான். மார்ச் 25-ல் இருந்த கோபம் இப்போது இல்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கூட்டத்தில் யாரோ முழங்கையால் தாடையில் இடித்தார்கள். நல்லவேளை வலது பக்கம்.

மண்டகப்படியில் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர், இங்கே படிக்கிறவராம், அடையாளம் கண்டுபிடித்துப் பேசினார். வாயைப் பார்த்துக் கண்டுபிடித்தாரோ என்னமோ. பையனுக்கு 17 வயது, கிரிக்கெட் பந்து பட்டு மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. பக்கத்து இரண்டையும் செதுக்கப் போகிறார்களா என்று பயம். முன்பல்லுக்கு வேறு வழி உண்டு. டம்மிப் பல்லின் பின்னால் சிறகு மாதிரி ஒரு தகடு, அதைப் பக்கத்துப் பல்லின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டிவிடுவது. மேரிலாண்ட் பிரிட்ஜ் என்பார்கள், அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானதால் அந்தப் பெயர். பல்லில் அதிகம் கை வைக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒட்டு விட்டுப் பெயர்ந்து வரும், திரும்ப ஒட்டலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு சிறகு வைத்தால் பலம் என்றுதான் நானும் நினைத்தேன். முன்பல்லில் ஒரே சிறகுதான் தொந்தரவில்லாமல் இருக்கிறதாம். காரணம், போன மாதம் டாக்டரம்மா சொன்னதேதான். இரண்டு சிறகில் ஒன்று விட்டால் தெரியாது, உள்ளே சொத்தை. ஒரே சிறகு விட்டால் பல் கையில் வந்துவிடும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளலாம்.

தாடை வளர்கிற வயதில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் வைக்கும் பல், போடமாட்டார்கள் என்பதால் அந்தப் பையனுக்கு இப்போதைக்கு இது பொருத்தமாக இருக்கும். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சென்ட்ரிங்காரன்.

மே 5, ஞாயிறு

திருமங்கலத்துக்காரருக்கு, என் மார்ச் 3 பதிலைத் திருத்தி.

எனக்கு 2011-ல் போட்டது தப்பில்லை. முன் பல் ரூட் கெனால் ஆனது, எப்படியும் கேப் தேவைப்பட்டிருக்கும். பின் பல்லில் பாதி அளவுக்கு வெள்ளி அடைப்பு. செதுக்கியதால் இழந்தது குறைவு. ஆனால் ரூட் கெனால் ஆன சின்னப் பல்லின் தலையில் கூடுதல் சுமை ஏற்றினோம், அது அந்தப் பக்கத்து வினை. உங்கள் இரண்டும் புள்ளி இல்லாத பல். உங்கள் கணக்கும் என் கணக்கும் ஒன்று இல்லை என்பதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். நீங்கள் "ஏமாற்று வேலை" என்று எழுதியதைப் பார்த்துச் சுருக்கென்று வந்துவிட்டது, எதிர்த்து எழுதிவிட்டேன்.

இம்ப்ளான்ட் என்றால் டைட்டானியத் திருகை எலும்பில் இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும் வரை காத்திருந்து, மேலே பல் வைப்பது. பிரானெமார்க் 1965-ல் சுவீடனில் முதல் ஆளுக்கு வைத்தார். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை. செலவு அதிகம், எனக்குச் சொன்ன விலையில் ஒரு பல்லுக்கு ஆகிற காசில் மூன்று பல் பிரிட்ஜ் இரண்டு போடலாம். எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் சிகரெட் விடமுடியாதவர்களுக்கும் சிக்கல்.

இன்னொன்றும் கேட்டேன். பின்னால் நல்ல பல்லும் முன்னால் ஒரே ஒரு இம்ப்ளான்ட்டும் வைத்து நடுவில் பிரிட்ஜ் கட்டினால் ஒரு இம்ப்ளான்ட் காசு மிச்சம் இல்லையா? டாக்டரம்மா சிரித்தார். பல் தூளியில் ஆடும், திருகு எலும்பில் இறுகியிருக்கும், ஒரு பீமின் ஒரு கால் ஸ்பிரிங் மேல், ஒரு கால் பாறை மேல் என்றால் என்ன ஆகும் என்று என்னையே கேட்டார். பதில் சொல்லாமல் இரண்டு இம்ப்ளான்ட்டுக்கு ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

திருகு இரண்டும் இறக்கியாயிற்று. கீழ்த்தாடை என்பதால் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். தளத்துக்கு முட்டுப் பிரிக்க நாள் எண்ணுகிறவனுக்கு இது புதிதில்லை. கான்கிரீட்டைவிட எலும்பு மெதுவாக இறுகுகிறது, அவ்வளவுதான். (இந்த "அவ்வளவுதான்" பழக்கம் போகமாட்டேன் என்கிறது.)

திருமங்கலத்துக்காரர் எழுதியிருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு போதும் என்று சொல்லிவிட்டார்களாம், இம்ப்ளான்ட்டுக்குப் பணம் சேர்க்கிறார். அதுவரை பின் பல் சாயாமல் இருக்க ஏதாவது வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அது.

அறுத்தெடுத்த பிரிட்ஜ் பட்டறை மேசையில் ஒரு ஜவ்வாது டப்பாவில் இருக்கிறது. முன் கேப்புக்குள் ஒடிந்த பல் இன்னும் அப்படியே. போன வாரம் வேர்னியர் வைத்து நடுப் பல்லின் நீளத்தை அளந்தேன். பதினோரு மில்லிமீட்டர். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு பீமுக்கா அண்ணே மூணு மாசமா இவ்வளவு எழுதுறீங்க" என்று கேட்டார்.

கோக்கும் வளையம் எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய மருந்துக் கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், இணையத்திலும் கிடைக்கிறது. டார்ச் வீட்டிலேயே இருக்கும்.